தேய்வது ஒன்று, வேவது ஒன்று

(பொறியியல் மாணவர் மன்றமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



1939-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் தேதி, சுவிட்சர்லாந்தின் பாடன் நகரத்தில், பிரௌன் போவரி கம்பெனியாரின் தொழிற்சாலையில், எண்பது வயதை எட்டிய பேராசிரியர் ஒருவர் ஒரு புதிய யந்திரத்தைப் பரிசோதித்து அதன் திறனைக் கணக்கிட்டார். அவர் ஔரெல் ஸ்டொடோலா. நீராவி டர்பைன் சாஸ்திரத்தின் ஆசான் என்று உலகம் போற்றியவர். யந்திரமோ, நியூஷாட்டெல் நகரத்துக்கு மின்சாரம் தருவதற்கென்று செய்யப்பட்ட வாயு டர்பைன். அன்று அவர் கண்ட எண்களில் மூன்றை மட்டும் நீங்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். டர்பைன் ஈட்டிய சக்தி 15,400 கிலோவாட். அதில் காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரஸர் எடுத்துக்கொண்டது 11,400 கிலோவாட். நகரத்துக்கு மிஞ்சியது 4,000 கிலோவாட். இன்று நான் பேசப்போவதில் பெரும்பகுதி இந்த மூன்று எண்களுக்கு எழுதும் வியாக்கியானம் என்றே கொள்ளலாம்.

கம்ப்ரஸரின் பிளேடுகள் சற்றே தேய்ந்து, முன்பு செய்த அதே வேலைக்கு அது நூற்றுக்கு ஒரு பங்கு அதிகமாகச் சக்தி கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்பது 114 கிலோவாட்தான். ஆனால் அந்த 114, டர்பைனின் 15,400-லிருந்து போவதாகத் தோன்றினாலும், உண்மையில் நகரத்தின் 4,000-லிருந்தே போகிறது. அதாவது கம்ப்ரஸரில் ஒரு பங்காக இருந்த நஷ்டம், வெளியே வந்து சேரும்போது ஏறக்குறைய மூன்று பங்காகிவிடுகிறது. இன்றைய எஞ்சின்களில் இந்த விகிதம் இத்தனை கொடியதாக இல்லை. டர்பைன் ஈட்டுவதில் பாதியோ, பாதிக்குச் சற்று மேலோ கம்ப்ரஸருக்குப் போகிறது. எனினும் கணக்கின் சுபாவம் மாறவில்லை. வாயு டர்பைனைக் கட்ட முயன்ற ஆதிகாலத்து மேதைகள் பலர் தோற்றதும் இந்தக் கணக்கினாலேயே. அவர்களுடைய கம்ப்ரஸர்கள் டர்பைன் தந்த அனைத்தையும் தாமே விழுங்கிவிட்டன. 1903-ல் நார்வே தேசத்து எல்லிங் என்பவர் தம் யந்திரத்தில் 11 குதிரைத்திறன் மிச்சம் காட்டியபோது, அந்தப் பதினொன்றே ஒரு சாதனையாகச் சரித்திரத்தில் இடம்பெற்றது.

அந்தத் தோல்விகளின் காரணத்தைத் தெளிவாகச் சொன்னவர் இங்கிலாந்தின் கிரிஃபித். 1926-ல் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இது: அதுவரை செய்யப்பட்ட பிளேடுகளில் காற்று ஒட்டி ஓடவில்லை, பிரிந்து கலங்கியே ஓடியது, அவற்றை ஆகாய விமானத்தின் இறக்கையைப் போலவே கருதி, அதே வளைவும் நுனியும் கொடுத்து வடிக்க வேண்டும். ஆகவே கம்ப்ரஸர் என்ற யந்திரம் உயிர் பெற்றதே பிளேடின் வடிவத்தால்தான். வடிவத்தால் வந்த உயிர், வடிவம் போனால் போகும் அல்லவா?

டர்பைனிலும் பிளேடுகள் இருக்கின்றனவே, அவை தேய்ந்தால் இத்தனை கேடு இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். டர்பைனில் வாயு உயர்ந்த அழுத்தத்திலிருந்து தாழ்ந்த அழுத்தத்தை நோக்கி விரைகிறது. அதன் இயல்பான போக்கும் அதுவே. ஆகையால் சிறு குறைகளை அது பொறுத்துக்கொள்கிறது. கம்ப்ரஸரிலோ, காற்று தாழ்ந்த அழுத்தத்திலிருந்து உயர்ந்த அழுத்தத்துக்கு எதிர்த்து ஏற வேண்டியிருக்கிறது. மேடேறும் பாரவண்டியின் சக்கரத்தடியில் ஒரு கூழாங்கல் அகப்பட்டாலும் போதும், வண்டி பின்னுக்குச் சாய்வதற்கு. பிளேடின் மேற்பரப்பை ஒட்டியுள்ள மெல்லிய காற்றுப் படலம் எந்நேரமும் பிரிந்துபோவதற்குத் தயாராகவே இருக்கிறது. அதைப் பிடித்து வைத்திருப்பது பரப்பின் வழவழப்பும், எல்லாவற்றுக்கும் மேலாக, பிளேடின் முன் விளிம்பில் இருக்கும் அந்த நுண்ணிய உருட்டும். சிறிய எஞ்சின்களில் அந்த உருட்டின் ஆரம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அல்லது இரு பங்கு. கண்ணுக்குத் தெரிவதைவிட விரல் நுனிக்கே அது நன்றாகத் தெரியும்.

இனி எதிரியைப் பற்றிச் சொல்கிறேன். தூசு என்று நாம் அலட்சியமாகச் சொல்லும் பொருளில் பெரும்பாலும் இருப்பது குவார்ட்ஸ் என்னும் படிகக்கல். மோஸ் வகுத்த கடினத் தரவரிசையில் அதற்கு ஏழாவது ஸ்தானம். சாதாரண எஃகை அது கீறிவிடும். பெரிய பிரயாண விமானங்கள் இந்தப் பகைவனை ஓடுபாதையில் சில நிமிஷங்கள் சந்தித்துவிட்டு, பின்னர் தூய காற்றில் மணிக்கணக்காகப் பறக்கின்றன. ஹெலிகாப்டரின் தலைவிதி வேறு. ஓடுபாதையில்லாத இடத்தில் இறங்குவதற்காகவே பிறந்த அது, இறங்கும்போது தன் சுழலியின் காற்றாலேயே மண்ணைக் கிளப்பி, தான் கிளப்பிய மண்ணைத் தானே சுவாசிக்கிறது. பிளாக் ஹாக் என்னும் அமெரிக்க ஹெலிகாப்டரில் உள்ள டி-700 எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 1,600 குதிரைத்திறன் உள்ள அந்தச் சிறிய எஞ்சின் விநாடிக்குச் சுமார் நாலரை கிலோ காற்றை, அதாவது நான்கு கன மீட்டருக்குச் சற்றுக் குறைவாக, உட்கொள்கிறது. ஒரு கன மீட்டரில் ஒரு கிராம் தூசு மிதக்கிறது என்று கொண்டால், தடுப்பு ஒன்றும் இல்லாதபோது ஒரு நிமிஷத்தில் ஏறத்தாழ கால் கிலோ மணல் உள்ளே போகும். அந்த மணலைச் சந்திக்கும் சக்கரமோ நிமிஷத்துக்கு 44,000 சுற்றுக்கும் மேல் சுழல்வது.

மணல் உலோகத்தை எவ்விதம் அறுக்கிறது என்பது தனி சாஸ்திரம். 1960-ல் கலிபோர்னியாவில் ஃபின்னி என்பவர் வெளியிட்ட ஆராய்ச்சி அதற்கு அஸ்திவாரம் இட்டது. நேருக்கு நேர் மோதும் துகளே அதிகச் சேதம் செய்யும் என்று நமக்குத் தோன்றும். எஃகு, டைட்டேனியம் போன்ற இளகும் தன்மையுள்ள உலோகங்களில் அப்படி இல்லை. 20, 30 டிகிரி சாய்வில் உரசிச் செல்லும் துகள்தான் இழைப்புளியைப் போல் சீவிக்கொண்டு போகிறது. பீங்கானைப் போன்று நொறுங்கும் பொருள்களிலோ நேர் மோதலே அதிகம் பெயர்க்கிறது. இந்த வேற்றுமையை மறந்துவிடாதீர்கள். கடைசியில் இது தேவைப்படும். வேகத்தின் வலிமை இன்னும் பயங்கரமானது: துகளின் வேகம் இரு மடங்கானால் தேய்வு நான்கு மடங்குக்கும் மேலாகிறது. மிக நுண்ணிய தூசு, சில மைக்ரான் அளவுள்ளது, காற்றோடு காற்றாக வளைந்து பிளேடுகளின் இடையே நழுவிவிடுகிறது. 20 மைக்ரானுக்கு மேற்பட்ட துகளுக்கு அந்த நாசூக்கு இல்லை; காற்று வளைந்தாலும் அது நேராகவே போய் மோதும், மோதித் தெறித்து வெளிவட்டத்துக்கு எறியப்படும். ஆதலால் பின்னடுக்குகளில் பிளேடின் அடிப்பாகம் புதிதுபோல் இருக்க, நுனிப்பாகம் மட்டும் கரைந்து போயிருப்பதைக் காணலாம். முன் விளிம்பு மழுங்குகிறது. பின் விளிம்பு காகிதம்போல் மெலிகிறது. நுனி குறைந்து, உறைக்கும் நுனிக்கும் நடுவே இடைவெளி அகல்கிறது. அந்த இடைவெளியின் வழியே, பாடுபட்டு மேலேற்றிய காற்று பின்னோக்கிக் கசிகிறது.

இவை அனைத்தும் சேர்ந்து எஞ்சினின் செயலை மூன்று வகையில் கெடுக்கின்றன: காற்றின் அளவு குறைகிறது, அழுத்த விகிதம் தாழ்கிறது, திறன் சரிகிறது. சிறிய எஞ்சினுக்கு இதில் இரட்டை அநீதி. பெரிய எஞ்சினின் முழ நீளப் பிளேடில் அரை மில்லிமீட்டர் போனால் அது ஒரு பொருட்டல்ல. விரல்நுனி அளவுள்ள பிளேடில் அதே அரை மில்லிமீட்டர் போனால் வடிவமே மாறிவிடும். மணலோ இரண்டுக்கும் ஒரே மணல்.

நான் இன்று இங்கே வந்தது முக்கியமாக ஒரு விஷயத்தைச் சொல்லத்தான். இத்தனை தேய்ந்த பின்னும் ஹெலிகாப்டரை ஓட்டுபவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரிவதில்லை. சுழலியின் வேகம் மாறாமல் காக்கும் பொறுப்பு எரிபொருள் கட்டுப்பாட்டுக் கருவியுடையது. கம்ப்ரஸர் நலிந்து சக்தி குறையும்போது அந்தக் கருவி, யாரையும் கேட்காமல், சற்று அதிக எரிபொருளை ஊற்றிக் குறையை நிரப்பிவிடுகிறது. விமானி கேட்ட சக்தி கிடைக்கிறது, வண்டி எழுகிறது, பறக்கிறது. ஆனால் காற்று குறைந்து எரிபொருள் மிகுந்தால் வாயுவின் உஷ்ணம் உயர்ந்தாக வேண்டும். அந்த உஷ்ணத்தைத் தாங்குவது கம்ப்ரஸர் அல்ல, அதற்குப் பின்னால் இருக்கும் டர்பைன். தேய்வது ஒன்று, வேவது ஒன்று. டர்பைன் பிளேடின் உலோகம் ஏற்கெனவே தன் சகிப்பின் எல்லையில் நிற்பது; அதன் உஷ்ணம் 10 முதல் 15 டிகிரி உயர்ந்தாலும் அதன் ஆயுள் பாதியாகும் என்பது இத்துறையினர் நெடுநாளாகக் கையாளும் தோராய விதி. பழுதுபார்க்கும் கூடத்தில் டர்பைன் பிளேடு நீண்டும் வெடித்தும் வந்து சேரும்போது, குற்றவாளியை டர்பைனுக்குள்ளேயே தேடுகிறவர்கள் உண்டு. சாட்சி அங்கே கிடைக்கும். குற்றவாளி சற்று முன்னால், குளிர்ந்த பக்கத்தில், சாதுவாக உட்கார்ந்திருக்கிறான்.

இந்த மூடுதிரை விலகும் நாளும் ஒன்று வரும். உஷ்ணத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதற்கு மேல் எரிபொருள் ஊற்ற இயலாது. கோடைப் பகலில், மலைமுகட்டில், நிறைந்த பாரத்தோடு, அதாவது காற்று மெலிந்து எஞ்சினிடமிருந்து கடைசித் துளிச் சக்தியும் வேண்டியிருக்கும் சமயத்தில், விமானி கேட்கிறார், எஞ்சின் இல்லையென்கிறது.

சர்ஜ் என்று சொல்லும் இன்னோர் அபாயமும் உண்டு. கம்ப்ரஸர் தன் சக்திக்கு மீறிய அழுத்தத்தைத் தாங்க முடியாமல் போனால், ஏறிய காற்று முழுவதும் திரும்பி முன்வாய் வழியே பாய்ந்துவிடும்; வெடிச் சத்தமும், சில வேளைகளில் தீ நாக்கும் அதற்கு அடையாளம். எஞ்சின் இயங்கும் நிலைக்கும் இந்த எல்லைக்கும் நடுவே வடிவமைப்பவர் ஓர் இடைவெளியை விட்டு வைக்கிறார். தேய்வு அந்த எல்லையையே கீழே இறக்குகிறது. எரிபொருள் கருவிக்கோ இது தெரியாது. புதிய எஞ்சினுக்கு வகுத்த அட்டவணையின்படியே, திடீரென்று சக்தி கேட்கும்போது எரிபொருளைக் கொட்டுகிறது. ஹெலிகாப்டர் எப்போது திடீரென்று சக்தி கேட்கும்? தரையை நெருங்கும்போது, அதாவது தூசுக்குள். மணலால் நொந்த எஞ்சின் மணலுக்கு நடுவிலேயே சோதிக்கப்படுகிறது.

இவற்றையெல்லாம் மனிதன் ஏட்டில் படித்து அறிந்துகொள்ளவில்லை. வியட்நாம் யுத்தத்தில் அமெரிக்கர் அறிந்தார்கள். அங்கே பறந்த ஹியூயி ஹெலிகாப்டர்களின் டி-53 எஞ்சினை அமைத்தவர் அன்செல்ம் ஃபிரான்ஸ். ஜெர்மனியில் இருந்தபோது மெஸ்ஸர்ஷ்மிட் 262 போர்விமானத்துக்கு ஜெட் எஞ்சின் செய்தவர். அவருடைய அமைப்பில் குறையில்லை. ஆனால் வியட்நாமின் செம்மண் புழுதியை நினைத்து அந்த எஞ்சின் வரையப்படவில்லை. அதன் ஐந்து அடுக்குப் பிளேடுகளும் மண்ணால் தின்னப்பட்டு, எஞ்சின்கள் தங்களுக்கு விதித்த காலத்துக்கு வெகு முன்னரே கழற்றப்பட்டன. பின்னர் காற்று வாயில் மணல் பிரிக்கும் கருவிகளைச் சேர்த்தார்கள். சேர்த்துத் தைத்த ஒட்டு, ஒட்டாகவே இருந்தது. ஆகவே 1967-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியார் அடுத்த எஞ்சினைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கியபோது, பிரிக்கும் கருவியை எஞ்சினின் ஓர் அங்கமாகவே வைத்துவிட்டார்கள். டி-700-ன் வாயில் நுழையும் காற்றைச் சாய்ந்த தகடுகள் சுழற்றிவிடுகின்றன. கனத்த மணல் வெளிவட்டத்துக்கு ஒதுங்குகிறது. ஒரு சிறு ஊதுவிசிறி அதை வாரிப் பக்கவாட்டில் வீசுகிறது. இலேசான காற்று மட்டும் சட்டென்று உள்நோக்கித் திரும்பிக் கம்ப்ரஸரை அடைகிறது. பருமணலில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு இப்படிக் கழிந்துவிடும். நுண்தூசு அவ்வளவாகக் கழியாது; அதற்குக் காற்றைப் பிரிய மனமில்லை. இந்த ஏற்பாட்டுக்குக் காற்றழுத்தத்தில் சிறிதும், ஊதுவிசிறிக்குச் சக்தியில் சிறிதும் தினந்தோறும் கப்பம் கட்ட வேண்டும். கட்டுவது லாபமே.

சோவியத் நாட்டார் இதே பாடத்தை ஆப்கானிஸ்தானத்தில் படித்தார்கள். நம் விமானப் படையிலுள்ள, அந்நாட்டார் வடிவமைத்த எம்.ஐ.-17 ஹெலிகாப்டர்களைப் பார்த்திருப்பவர்கள், அவற்றின் இரு எஞ்சின்களின் வாயிலும் காளான் குடைபோன்ற உருண்டைக் கவிகை ஒன்று இருப்பதைக் கவனித்திருக்கலாம். அழகுக்கு வைத்ததன்று, அதுவும் மணல் பிரிக்கும் கருவியே.

எரிமலைச் சாம்பலைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னையில் இறங்கிச் சென்ற ஒரு விமானத்தின் கதை என்பதால் சொல்லாமல் விட மனம் வரவில்லை. லண்டனிலிருந்து பம்பாய், சென்னை, கோலாலம்பூர், பெர்த், மெல்போர்ன் வழியாக ஆக்லாந்து சென்றுகொண்டிருந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 9-ஆம் எண் விமானம், 1982 ஜூன் 24-ஆம் தேதி இரவு, ஜாவாத் தீவின் அருகில் 37,000 அடி உயரத்தில், கலுங்குங் எரிமலை கக்கிய சாம்பலுக்குள் புகுந்தது. போயிங் 747-இன் நான்கு எஞ்சின்களும் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. காப்டன் எரிக் மூடி, ஏறக்குறைய 13,000 அடி வரை மிதந்தே இறங்கிய பின், எஞ்சின்கள் மீண்டும் உயிர் பெறவே, ஜகார்த்தாவில் தரையிறங்கினார். அணைந்ததற்குத் தேய்வு முதற் காரணம் அன்று. எரிகூடத்தின் வெப்பத்தில் சாம்பல் உருகி, டர்பைனின் வாயில் கண்ணாடியாகப் படிந்து வழியை அடைத்ததே காரணம். ஆனால் இரண்டும் எவ்விதம் கைகோக்கின்றன பாருங்கள்: முன்னே கம்ப்ரஸர் பிளேடுகளைச் சாம்பல் அரித்து சர்ஜ் எல்லையைத் தாழ்த்துகிறது, பின்னே வழி அடைபட்டு அழுத்தம் உயர்கிறது. ஒரே துகள் இரு முனையிலும் நெருக்குகிறது.

தரையில் நிற்கும் மின்நிலைய டர்பைன்களின் துன்பம் வேறு ஜாதி. நம் பேசின் பிரிட்ஜிலும் வழுத்தூரிலும் உள்ளவை போன்ற நிலையங்களில் காற்று வடிகட்டி அறைகளைக் கடந்தே உள்ளே வருகிறது. பருமனான துகள்கள் அங்கேயே நின்றுவிடும். நுழைவது உப்பும் எண்ணெய்ப் புகையும் நுண்தூசும். அவை பிளேடில் பிசுக்காக ஒட்டிக்கொள்கின்றன, அறுப்பதில்லை. பிசுக்கைக் கழுவினால் இழந்த சக்தியில் பெரும்பகுதி திரும்பும். தேய்வைக் கழுவ முடியுமா? இந்தப் பேதத்தை உணராமல், சக்தி குறையும் ஒவ்வொரு முறையும் கழுவிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. எஞ்சின் ஓடும்போதே பீய்ச்சும் நீரின் பெரிய துளிகள் முதலடுக்குப் பிளேடின் முன் விளிம்பைத் தாமே அரிக்கத் தொடங்கும் என்பது அவர்களுக்குக் கிடைக்கும் உபரிப் பரிசு. பழைய நாளில் வால்நட் ஓட்டைப் பொடித்தும், அரிசியைக் கொட்டியும்கூட ஓடும் எஞ்சினைத் துலக்கினார்கள். அரிசியைத் தின்ற எஞ்சின்கள் நம் நாட்டில் மட்டுமே இருந்திருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். மேல்நாட்டாரே செய்த வேலை அது.

அப்படியானால் தேய்வை எப்படிக் கண்டுபிடிப்பது? குறித்த ஒரு சக்தியில் எஞ்சினை நிலையாக ஓடவிட்டு, அப்போது காட்டும் உஷ்ணத்தைக் குறித்துக்கொண்டு, வெளிக்காற்றின் உஷ்ணத்துக்கும் உயரத்துக்கும் தக்கபடி திருத்தி, போன வாரத்து எண்ணோடு ஒப்பிடுவது முதல் வழி. ஓர் எண் எதையும் சொல்லாது; எண்களின் வரிசை சொல்லும். கழுவிய பின் கீழிறங்கும் உஷ்ணம் பிசுக்கின் கணக்கு; கழுவியும் இறங்காதது தேய்வின் கணக்கு. பின்னர் போரோஸ்கோப் என்னும் உட்பார்வைக் குழாயை உள்ளே விட்டுப் பார்க்கலாம். எஞ்சினைப் பிரித்தால் பிளேடின் அகலத்தை அளவுகோலிட்டு அளக்கலாம். மழுங்கிய முன் விளிம்பை அரத்தால் மீண்டும் உருட்டிவிடலாம். இந்தக் கடைசி வேலை அற்பமாகத் தோன்றும். அகலம் போனது போனதுதான் எனினும், உருட்டைத் திருப்பிக் கொடுத்த மாத்திரத்தில் திறனில் ஒரு பகுதி திரும்பி வருகிறது. டி-700 போன்ற எஞ்சின்களில் சக்கரமும் பிளேடும் ஒரே துண்டாகக் கடையப்பட்டிருப்பதால், ஒரு பிளேடை மட்டும் கழற்றி மாற்ற வழியில்லை; ஆகையால் அங்கே அரம் பிடிப்பவரின் கைநேர்த்திக்கு மதிப்பு அதிகம்.

கடினமான பூச்சு ஒன்றைப் பூசிவிட்டால் என்ன என்ற கேள்வி இயல்பாக எழும். டைட்டேனியம் நைட்ரைடு என்னும் பொன்னிறப் பூச்சைச் சோவியத் நாட்டார் ஹெலிகாப்டர் எஞ்சின்களில் கையாண்டார்கள். பின்னர் மேல்நாடுகளும் ஏற்றன. மனித மயிரைவிட மெல்லிய அந்தப் படலம், சாய்ந்து உரசும் மணலை அற்புதமாகத் தாங்குகிறது. ஆனால் முன்பு உங்களை நினைவில் வைக்கச் சொன்ன, இளகும் பொருளுக்கும் நொறுங்கும் பொருளுக்கும் உள்ள பேதம் இங்கே குறுக்கிடுகிறது. பூச்சு நொறுங்கும் ஜாதி. நேர் மோதலே அதன் மரணம். பிளேடின் வயிற்றுப் பக்கம் சாய்ந்த உரசலைப் பெறுகிறது, முன் விளிம்போ நேர் மோதலைப் பெறுகிறது. ஆக, எந்த இடத்தைக் காப்பாற்றுவது மிகவும் அவசியமோ அந்த இடத்திலேயே பூச்சு முதலில் பெயர்கிறது. உலோகமும் நைட்ரைடுமாக மாற்றி மாற்றிப் பல அடுக்கு பூசி, ஓர் அடுக்கில் தோன்றும் விரிசல் மறு அடுக்கில் நின்றுபோகும்படி செய்வது இதற்குக் கண்ட உபாயம். அடுக்குகள் கூடினால் தடிப்பும் கூடும். தடித்தால் முன் விளிம்பின் உருட்டு மாறி, மணலே காணாத புதிய எஞ்சினின் திறன் முதல் நாளிலேயே இம்மியளவு குறையும். கடலோரத்து ஓடுபாதையில் பறக்கும் எஞ்சினுக்கு அந்த இம்மி வீண்செலவு. பாலைவனத்தில் இறங்கப்போகும் எஞ்சினுக்கோ அது முன்பணம். எத்தனை மைக்ரான் பூசுவது என்ற முடிவை, அதனால், பூச்சு செய்பவர் தனியாக எடுக்க முடியாது. அந்த எஞ்சின் எந்த மண்ணில் இறங்கப்போகிறது என்பதை அறிந்த ஒருவர் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.